பினாங்கில் இரண்டரை நாள்: கடிகாரம் பார்த்துச் சாப்பிடும் ஊர்

முதல் தடவை பினாங்கு போனபோது, ஊரெல்லாம் புகழ்ந்த ஒரு நாசி கண்டார் (சோறும் குழம்பும்) கடையைத் தேடிக் காலை பதினொரு மணிக்குப் போய் நின்றேன். கப்பித்தான் பள்ளிவாசலுக்குப் பக்கத்துச் சந்து. கடை இருந்தது, ஷட்டர் இறங்கியிருந்தது. வாசற்படியில் ஒரு பூனை காலை நீட்டிப் படுத்திருந்தது. பக்கத்துப் பெட்டிக்கடைப் பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தமிழிலேயே கேட்டார்: "ராத்திரிக் கடைக்குப் பகல்ல வந்து நிக்கிறீங்களே தம்பி, பசியாறிட்டீங்களா இல்லையா?"

பசியாறுவது என்றால் அங்கே காலைச் சிற்றுண்டி. நான் பசியாறவில்லை. நாசி கண்டாரை நம்பி வெறும் வயிற்றோடு கிளம்பியிருந்தேன். காலைக் கடைகளும் அதற்குள் கட்டிவிட்டன.

பினாங்கில் எதை, எங்கே சாப்பிடலாம் என்று சொல்ல ஆயிரம் பேர் உண்டு. எப்போது என்று சொல்பவர்கள் குறைவு. அங்கே ஒரு தள்ளுவண்டிக்காரர் பெரும்பாலும் ஒரே ஒரு பண்டம்தான் செய்வார். அதையும் நாளில் நாலைந்து மணி நேரம்தான் விற்பார். தீர்ந்துவிட்டால் அடுப்பை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ விடுமுறை, அதுவும் கடைக்குக் கடை மாறும். அதனால் முதலில் சாப்பாட்டு நேரங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கோயிலையும் மலையையும் அதன் நடுவில் விழும் இடைவெளிகளில் செருகுங்கள். தலைகீழாகச் செய்தால் பூனையைத்தான் பார்ப்பீர்கள்.

கிளம்பும் முன்

பினாங்கு, மலேசியாவின் வடமேற்குக் கரையை ஒட்டிய தீவு. மலாயில் பினாங் என்றால் பாக்கு. தீவின் வடகிழக்கு முனையில் இருக்கும் ஜார்ஜ் டவுன்தான் நாம் போகிற ஊர்.

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை விசா தேவையில்லை என்று மலேசியா சலுகை கொடுத்தது, பிறகு அதை நீட்டித்தது. சலுகைதான், சட்டம் அல்ல. டிக்கெட் போடும் முன் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள். அதோடு, இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மின்னணு வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். தேடினால் முதலில் வருகிற சில தளங்கள் பணம் கேட்கும். அவை இடைத்தரகர்கள். மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்திலேயே நிரப்புங்கள்.

சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானம் 2024 டிசம்பரில் தொடங்கியது. நேரம் ஒத்துவராவிட்டால் கோலாலம்பூரில் இறங்கிக் கேஎல் சென்ட்ரலில் இருந்து மின்ரயிலில் பட்டர்வொர்த் வரை வரலாம். நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். பட்டர்வொர்த் நிலையத்திலிருந்து நடந்தே படகுத்துறைக்குப் போகலாம். அங்கிருந்து ஃபெரியில் கால் மணி நேரம்தான். எனக்குப் பிடித்த வழி இதுதான். பழைய ஓடுகளும் ஒரு பள்ளிவாசல் மினாரும் கொம்தார் கோபுரமும் தண்ணீருக்கு மேலே மெல்ல எழுந்து வரும்போது, துறைமுகத்தால் உண்டான ஊருக்குள் துறைமுகம் வழியாகவே நுழைகிறோம். ஃபெரிக்கு நோட்டும் சில்லறையும் செல்லாது, கார்டு வைத்திருங்கள்.

தங்குமிடம் பழைய நகரத்துக்குள்ளேயே இருக்கட்டும். சூலியா தெரு, லவ் லேன், ஆர்மேனியன் தெரு, இவற்றைச் சுற்றி எங்கே கிடைத்தாலும் சரி. கடற்கரை விடுதி என்று பத்து பெரிங்கிப் பக்கம் அறை போட்டால், ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் முக்கால் மணி நேரம் பயணம். வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. அறை வாடகையோடு சேராமல் வரவேற்பறையில் தனியாகக் கேட்பார்கள், ஏமாற்று என்று சண்டைக்குப் போகாதீர்கள். தெருவைப் பார்த்த அறை அழகாக இருக்கும், தூக்கம் வராது. பின்பக்க அறை கேளுங்கள்.

ஒரு ரிங்கிட் 20 ரூபாய்க்கு மேலே. உள்ளூர்த் தமிழர்கள் அதை வெள்ளி என்பார்கள். "எட்டு வெள்ளி" என்று கேட்டுத் திகைக்க வேண்டாம். பிளக் சதுர மூன்று முள், நம் ஊர் வட்ட முள் நுழையாது. கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி வையுங்கள். இந்த ஊரில் கடிகாரம்தான் எல்லாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேனே.

எந்த வாரம் போகக் கூடாது என்று கேட்டால், சீனப் புத்தாண்டின் முதல் சில நாட்கள். சீனக் கடைகளில் பாதி மூடியிருக்கும்.

கோப்பித்தியாமில் உட்காரும் முறை

இறங்கிய உடனே எல்லாரும் திணறுவது இங்கேதான். கோப்பித்தியாம் என்பது ஒரு கூரைக்குக் கீழே பல முதலாளிகள் இருக்கிற இடம். கட்டடத்துக்காரர் குடிக்க மட்டும் விற்பார். சாப்பாடு விற்பவர்கள் எல்லாம் அவரிடம் இடம் வாடகைக்கு எடுத்தவர்கள். ஒருவர் நூடுல்ஸ், ஒருவர் லக்சா என்னும் குழம்பு நூடுல்ஸ், ஒருவர் பொப்பியா என்னும் காய்கறிச் சுருள்.

முதலில் ஒரு மேசையைப் பிடியுங்கள். மேசையில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்து மனதில் வையுங்கள். பிறகு எழுந்துபோய் ஒவ்வொரு வண்டியிலும் வேண்டியதைச் சொல்லி, மேசை எண்ணையும் சொல்லிவிட்டு வந்து உட்காருங்கள். தட்டு உங்களைத் தேடி வரும். வந்ததும் அவரவருக்கு அப்போதே காசு கொடுக்க வேண்டும். கடைசியில் ஒரே பில் என்று ஒன்று கிடையாது. ஐந்து, பத்து வெள்ளி நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள்.

குடிக்க எதுவும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். மேசை குடிபானக்காரருடையது, குடிப்பதுதான் அதற்கு வாடகை. முதல் நாள் நான் கையில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்து, "ஒன்றும் வேண்டாம்" என்றேன். குடிபானம் விற்கிற அம்மாள் சுவரைக் காட்டினார். குடிக்காவிட்டால் இத்தனை காசு கூடுதல் என்று அங்கே எழுதியிருந்தது. அதற்கு ஒரு கோப்பி வாங்கியிருக்கலாம்.

நம் ஆட்கள் கடைகளில் "தண்ணி என்ன?" என்று கேட்பார்கள். நாம் பழகிய பொருளில் இல்லை. டீயா, காப்பியா, ஜூஸா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் பாடம் வேண்டும். கோப்பி என்றால் டின்பால் ஊற்றிய இனிப்புக் காப்பி. கோப்பி ஓ என்றால் பால் இல்லாமல் சர்க்கரையோடு. கோப்பி சி என்றால் இனிப்பில்லாத டின்பால், சர்க்கரையைத் தனியே சேர்ப்பார்கள். ஓ, சி இரண்டோடும் கோசோங் சேர்த்தால் சர்க்கரை இருக்காது. கூராங் மானிஸ் என்றால் இனிப்புக் கம்மி. ஐஸ் சேர்த்தால் ஐஸ். டீக்கும் இதே இலக்கணம்தான்: தே, தே ஓ, தே சி. தே தாரேக் என்பது இழுத்த டீ, நம் ஊரில் ஆற்றுவதைத்தான் அவர்கள் இழுப்பது என்கிறார்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் "தே ஓ கோசோங்" என்ற மூன்று சொல்லை மனப்பாடம் செய்துவிட்டு விமானம் ஏறலாம். பொட்டலம் கட்டிக் கொடுக்கச் சொல்ல பூங்குஸ்.

இன்னொரு சூத்திரம். தட்டுகள் சிறியவை, பெரும்பாலும் 7 முதல் 12 வெள்ளிக்குள். இரண்டு பேர் போனால் ஆளுக்கொன்று வாங்காதீர்கள். ஒன்று வாங்கிப் பாதியாக்கிச் சாப்பிட்டுவிட்டு அடுத்த வண்டிக்குப் போங்கள். வயிறு நிறைய ஒரு வேளை சாப்பிட்டால் அதோடு மூன்று மணி நேரம் போச்சு.

வேளைக்கு வேளை

காலை ஏழு முதல் பத்து வரை ரொட்டி சானாய்க்கு. பரோட்டாவின் பங்காளி, ஆனால் மெல்லியது, பருப்புக் குழம்பு ஊற்றித் தருவார்கள். டிரான்ஸ்ஃபர் ரோட்டில் பிளாட்பாரத்திலேயே மேசை போட்டு விற்கிறார்கள். சீனக் கடைப் பக்கம் போனால் கரியடுப்பில் வாட்டிய ரொட்டி, தேங்காய்ப்பால் ஜாம், அரை வேக்காட்டு முட்டை. முட்டையைத் தட்டில் உடைத்து, சோயாவும் மிளகுத்தூளும் தூவிக் கரண்டியால் குடிக்க வேண்டும். முதல் தடவை முகம் கோணும், மறுநாள் தேடும்.

பதினொன்று முதல் மூன்று வரை அசாம் லக்சா. பினாங்கின் லக்சாவில் தேங்காய்ப்பால் கிடையாது. மீனை வேகவைத்து உதிர்த்த புளிக்குழம்பு அது. புளிக்குக் காரணம் நம் கொடம்புளிக்கு உறவான ஒரு காய். அதில் தடித்த அரிசி நூடுல்ஸ். மேலே வெள்ளரி, அன்னாசி, வெங்காயம், புதினா, பொடியாக நறுக்கிய இளஞ்சிவப்பு இஞ்சிப்பூ. கிண்ணத்தோரம் ஒரு பீங்கான் கரண்டியில் கருப்பாக, தார் மாதிரி ஒன்று வரும். அது ஹே கோ, இறால் பசை. அதைக் கலக்காமல் முதலில் ரெண்டு வாய் சாப்பிடுங்கள், மீன்குழம்பும் ரசமும் சேர்ந்த மாதிரி இருக்கும். பிறகு கரண்டியைக் குழம்புக்குள் அமிழ்த்துங்கள். இனிப்பும் உப்பும் கடல்வாடையுமாகக் குழம்பின் குணமே மாறிவிடும். நெல்லைச் சொதி பிடித்தவர்கள் ஏமாறலாம், கருவாட்டுக் குழம்பு பிடித்தவர்கள் ஊருக்கே குடி வந்துவிடுவார்கள்.

மூன்று மணி வெயிலில் செண்டோல். பினாங்கு ரோட்டிலிருந்து பிரியும் கெங் குவீ சந்தில் 1936 முதல் நடக்கிற வண்டி இருக்கிறது. சந்தின் வாயிலேயே வரிசை தெரியும். சீவிய பனிக்கட்டி, தேங்காய்ப்பால், பனைவெல்லம், சிவப்பு அவரை, பச்சை நிறத்தில் இடியாப்பத் துண்டு மாதிரி ரம்பை வாசனையோடு ஒரு பண்டம். நின்றுகொண்டே சாப்பிடுங்கள். உட்காரப் பக்கத்துக் கடைக்குள் போனால் அங்கே வேறேதாவது வாங்க வேண்டியிருக்கும்.

மாலை ஆறுக்கு மேல் சார் குவே தியாவ். இதைச் சாப்பிடுவதைவிடச் செய்வதைப் பாருங்கள். நல்ல கைக்காரர் ஒரு நேரத்தில் ஒரு தட்டுத்தான் போடுவார், பத்துத் தட்டு ஆர்டர் காத்திருந்தாலும். இருப்புச்சட்டி புகைய ஆரம்பித்ததும் கொழுப்பு, பூண்டு, பட்டையான அரிசி நூடுல்ஸ், சோயா. ஒரு பக்கம் ஒதுக்கி முட்டை. இறால், முளைப்பயறு, வெங்காயத்தாள், கடைசியில் கெராங் என்னும் சிறு மட்டி. எல்லாம் ஒரு நிமிடம், ரெண்டு நிமிடம். தீ சட்டிக்குள்ளேயே ஏறி இறங்கும். அந்தக் கருகல் வாசனைதான் இந்தப் பண்டம், மற்றதெல்லாம் சாக்கு. இரண்டு எச்சரிக்கை: மட்டி அரை வேக்காடுதான், வயிறு மென்மையானவர்கள் கெராங் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சீனர் கடையில் அந்தக் கொழுப்பு பெரும்பாலும் பன்றிக்கொழுப்பு. வேண்டாதவர்கள் ஹலால் பலகை பார்த்துப் போகலாம், முஸ்லிம்கள் நடத்தும் கடைகளும் உண்டு.

சார் குவே தியாவுக்கு நியூ லேன், கிம்பர்லி தெரு, சூலியா தெரு மூன்றும் மாலையில் போகத்தக்க இடங்கள். குர்னி டிரைவ் பெரியது, கூட்டமானது, சற்று விலை கூடியது. அங்கே போனால் பசெம்பூர் மட்டும் சாப்பிடுங்கள். நம் ஆட்களின் கைவண்ணம்: பருப்பு வடை, மாவு போண்டா, டோஃபு, வெள்ளரித் துருவல் எல்லாவற்றையும் நறுக்கி, வள்ளிக்கிழங்கும் நிலக்கடலையும் மிளகாயும் சேர்த்த கெட்டிக் குழம்பை மேலே ஊற்றுவார்கள். தட்டில் நீங்களே எடுத்து வைப்பது, ஒவ்வொரு துண்டுக்கும் விலை. கடல் உணவுப் பக்கம் கை நீளும்போது விலை கேட்டுவிட்டு நீட்டுங்கள்.

நாசி கண்டார், தனியாக

இதற்கு ஓர் உப தலைப்பு கொடுக்காவிட்டால் நன்றிகெட்டவன் ஆவேன். நாசி என்றால் சோறு, கண்டார் என்றால் தோளில் சுமக்கும் காவடிக் கம்பு. தமிழ் முஸ்லிம்கள் கம்பின் ஒரு முனையில் சோற்றுப் பானை, மறு முனையில் குழம்புச் சட்டி என்று தூக்கிக்கொண்டு போய்த் துறைமுகக் கூலிகளுக்கு விற்ற சோறு இது. இன்று குளிரூட்டிய கடைகளிலும் விற்கிறார்கள். கேம்பல் தெருவில் இருக்கும் ஹமீதியா 1907இல் தொடங்கியது. கடைக்காரர்களை ஊரே மாமாக் என்கிறது, அது நம் மாமா என்ற சொல்தான்.

வாங்கும் முறை: வரிசையில் நில்லுங்கள். முதலில் சோறு. அடுத்து ஏதாவது ஒன்று, கோழி, மீன், மீன்முட்டை, கணவாய். அடுத்து வெண்டைக்காயோ பாகற்காயோ. கடைசியில்தான் கலை. கூவா சம்புர் என்று சொன்னால் நாலைந்து குழம்பிலிருந்து ஒவ்வொரு கரண்டி எடுத்துச் சோற்றின் மேல் ஊற்றுவார். பஞ்சிர் என்றால் வெள்ளம், சோறு மிதக்கும். கோழிக்குழம்பின் காரமும் மீன்குழம்பின் புளிப்பும் குருமாவின் பட்டை வாசனையும் ஒன்றாகக் கலந்து, எந்தக் குழம்பு என்று சொல்ல முடியாத ஒரு குழம்பாகிவிடும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள், நான் போனேன்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் இதை மறக்கக் கூடாது. கூவா சம்புர் என்று சொன்னால் மாட்டிறைச்சிக் குழம்பிலிருந்தும் ஒரு கரண்டி விழும். "டாகிங் வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பல கடைகளில் தமிழிலேயே சொல்லலாம். ராமநாதபுரம், கடையநல்லூர்ப் பக்கத்துக் குரல்களைக் கேட்பீர்கள். விலைப்பட்டியல் தேடாதீர்கள். தட்டைப் பார்த்துக் கண்ணளவில் விலை சொல்வார்கள். பெரிய இறாலும் முட்டைக் கணவாயும் எகிறும், எடுக்கும் முன் கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. சாதாரணமாகக் கோழியும் காயுமாகப் பத்துப் பதினைந்து வெள்ளி ஆகும்.

இரவுக் கடைகள் பத்து மணி வாக்கில் அடுப்பு ஏற்றி விடிய விடிய நடக்கும். பெரியவர் சொன்னபடி ராத்திரியில் போங்கள்.

சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு

பட்டினி கிடக்க மாட்டீர்கள், ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். காய்கறி நூடுல்ஸ் என்று வந்தாலும் அதில் இறால் விழுதோ சிப்பிச் சாறோ இருக்கக்கூடும். லிட்டில் இந்தியாவில் இலைச்சாப்பாடும் தோசையும் தாராளம். சைவம் சாப்பிடும் சீனர்களின் கடைகள் இன்னொரு வழி. குவான் யின் பக்தர்கள் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் விரதம் இருப்பதால் அன்று அந்தக் கடைகளில் கூட்டம் அலைமோதும். சோயாவில் செய்த போலி மீனும் போலிக் கோழியும் பார்வைக்கு அசலாக இருந்து திகில் கொடுக்கும், பயப்படாமல் சாப்பிடலாம். அசைவம் சாப்பிடுபவர்கள் தோசை தேடி லிட்டில் இந்தியாவுக்குப் போவது மட்டும் எனக்குப் புரிவதில்லை. அதற்கா விமானம் ஏறினீர்கள்?

முதல் நாள்: நடை

1786இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஃபிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் இறங்கினார். அவர் இறங்கிய முனையில்தான் கார்ன்வாலிஸ் கோட்டை இருக்கிறது. அதை வெளியிலிருந்து பார்த்தால் போதும். அங்கிருந்து தெற்கே நடங்கள். 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பகுதியின் மையம் 110 ஹெக்டேர்தான், எதுவுமே கால் மணி நடைக்கு மேல் இல்லை. காலை எட்டு முதல் பதினொன்று, பிறகு மாலை நாலரைக்கு மேல். நடுவில் வெயிலும் மழையும் மாறி மாறி வரும், அது அறைக்கும் செண்டோலுக்குமான நேரம்.

பழைய பிட் தெரு, இன்றைய மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலை, ஒரே தெருவில் நாலு வழிபாட்டு மரபு. 1818இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், ஊதுவத்திப் புகையில் கண் எரியும் குவான் யின் கோயில், ஒரு தெரு உள்ளே தள்ளி 1833இல் கட்டிய மகாமாரியம்மன் கோயில், அப்புறம் பள்ளிவாசல். தமிழ் முஸ்லிம்களின் தலைவராக இருந்த வணிகர் காதர் முகைதீன் 1801இல் தொடங்கியது இந்தப் பள்ளிவாசல். உள்ளே போக அங்கி தருவார்கள். தொழுகை நேரத்தையும் வெள்ளிக்கிழமை மதியத்தையும் தவிருங்கள். அம்மன் கோயில் நடை மதியம் சாத்தியிருக்கும். சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரில் சின்னதாக ஒரு தர்கா உண்டு. பெரும்பாலோர் கவனிக்காமல் கடந்துவிடுவார்கள், நீங்கள் நில்லுங்கள். நாகூரிலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் பாய்மரம் ஏறியவர்கள் கரை சேர்ந்த நிம்மதியில் வணங்கிய இடம் அது.

கூ கொங்சிக்கு டிக்கெட் வாங்கி உள்ளே போங்கள், காசு வீண்போகாது. கூ வம்சத்தாரின் குலமண்டபம். பழைய கட்டடம் 1901இல் எரிந்து, 1906இல் இப்போதைய மண்டபம் எழுந்தது. சக்கரவர்த்தியின் அரண்மனைக்குப் போட்டியாகக் கட்டியதால் தெய்வம் எரித்துவிட்டது என்று கதை. கூரை முழுக்க டிராகனும் பூவும் மனிதர்களுமாகச் செதுக்கல். முன்புறத்தில் தலைப்பாகை கட்டிய சீக்கியக் காவலர்கள் கல்லில் நிற்கிறார்கள். சீனக் குலமண்டபத்துக்குச் சீக்கியர் காவல், அதைப் பார்க்க வந்திருப்பது தமிழர். பினாங்கு இப்படித்தான்.

அங்கிருந்து ஆர்மேனியன் தெரு இரண்டு நிமிடம். லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சகரேவிச் 2012இல் சுவரில் வரைந்த சைக்கிள் பிள்ளைகளோடு படம் எடுக்க வரிசை நிற்கும். சைக்கிள் நிஜம், பிள்ளைகள் ஓவியம். எட்டு மணிக்கு முன் போனால் வரிசை இல்லை. வெயில் சாய்ந்ததும் சியூ ஜெட்டிக்கு இறங்குங்கள். கடலுக்குள் கம்பு ஊன்றிப் பலகை போட்டுக் கட்டிய ஒரு தெரு. அதில் இன்னும் குடித்தனம் நடக்கிறது. துணி காய்கிறது, தாத்தா டிவி பார்க்கிறார். வீட்டுக்குள் கேமராவை நீட்டாதீர்கள்.

நடக்கும்போது கடைகளின் முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையில் வெயில் படாது. ஆனால் பாதி இடத்தில் மோட்டார் சைக்கிளும் சட்டிபானையும் அடைத்திருக்கும். ஏறி இறங்கித்தான் நடக்க வேண்டும், செருப்பு நல்லதாக இருக்கட்டும். டிரைஷா என்னும் மூன்று சக்கர மிதிவண்டியில் ஏறினால் விலை பேசிவிட்டு ஏறுங்கள்.

இரண்டாம் நாள்: மலை

பினாங்கு மலைக்குப் பத்து மணிக்குப் போகிறவர்கள் வரிசையைத்தான் பார்ப்பார்கள். மலை ரயில் காலை 6.30க்கே தொடங்குகிறது, ஏழு மணிக்கு அங்கே இருங்கள். கொம்தாரிலிருந்து 204 எண் பேருந்து போகும். காசாகக் கொடுப்பதானால் சரியான சில்லறை வேண்டும், மீதி தர மாட்டார்கள். முதல் தடவை பத்து வெள்ளி நோட்டை நீட்டி அதை அப்படியே உண்டியலில் போட்டவன் நான். விடியற்காலையில் அவசரம் என்றால் கிராப் செயலியில் வாடகை வண்டி பிடித்துவிடுங்கள்.

இந்த மலை ரயில் 1923இல் ஓடத் தொடங்கியது. இப்போதைய வண்டி 2011இல் வந்தது, கிட்டத்தட்ட பத்து நிமிடத்தில் மேலே விட்டுவிடும். உச்சி 833 மீட்டர். வண்டியில் முன்பெட்டியில் நில்லுங்கள். மேலே காற்று குளிரும், ஊரும் இரண்டு பாலங்களும் தெரியும், மேகம் மூடினால் எதுவும் தெரியாது. மேலே முருகன் கோயிலும் பள்ளிவாசலும் பக்கம் பக்கமாக இருக்கின்றன.

இறங்கியதும் கெக் லோக் சி. 1890 வாக்கில் தொடங்கி அடுக்கடுக்காகக் கட்டிக்கொண்டே போன பௌத்தக் கோயில். 1930இல் முடிந்த அதன் கோபுரத்துக்கு அடிப்பகுதி சீனம், நடு தாய்லாந்து, முடி பர்மா. அதற்கும் மேலே 30 மீட்டர் உயர வெண்கலக் குவான் யின். ஏற முடியாதவர்களுக்குச் சாய்வு லிஃப்ட் உண்டு, கட்டணம் சொற்பம். மாலை ஐந்தரை வாக்கில் மூடிவிடுவார்கள். அடிவாரத்தில் ஆயர் ஈத்தாம் சந்தை. நீங்கள் இறங்கும்போது மணி பன்னிரண்டு ஆகியிருக்கும், லக்சா வேளை.

மாலைக்கு இரண்டு வழி. ஒன்று, லோரோங் பர்மாவில் எதிரும் புதிருமாக இருக்கும் தாய்லாந்து, பர்மிய விகாரங்கள். தாய்க் கோயிலில் 33 மீட்டர் நீளப் பள்ளிகொண்ட புத்தர். இன்னொன்று தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயில், 500க்கு மேற்பட்ட படி, பக்கத்திலேயே தாவரவியல் தோட்டம். என் ஓட்டு தண்ணீர்மலைக்கு. தைப்பூசத்தில் செட்டியார்களின் வெள்ளித்தேர் பக்கத்திலேயே இருக்கும் செட்டியார் கோயிலுக்குத்தான் வரும். சீனர்களும் வழியெல்லாம் குவியல் குவியலாகத் தேங்காய் உடைப்பார்கள். அந்த வாரம் போவதானால் அறையை மாதக்கணக்கில் முன்னால் பிடியுங்கள். தோட்டத்துக் குரங்குகளுக்குப் பொட்டலம் தெரியக் கூடாது.

கொம்தார் உச்சிக் கண்ணாடித்தளம், முப்பரிமாணப் படக் கூடங்கள், பத்து பெரிங்கிக் கடற்கரை இவற்றை விட்டுவிடலாம். பெரிங்கி என்பது நம் பரங்கிதான் என்ற தகவலைத் தவிர அந்தக் கடற்கரை எனக்கு ஒன்றும் கொடுக்கவில்லை.

மிச்சமிருக்கும் அரை நாள்

காலையில் பினாங்கு ரோட்டில் சௌராஸ்தா சந்தை. ஜாதிக்காய் ஊறுகாய், ஜாதிக்காய் ஜூஸ் இரண்டும் இந்த ஊர்ச் சொத்து. நாம் கொட்டையையும் பத்திரியையும் எடுத்துக்கொண்டு எறிகிற சதையை இவர்கள் சர்க்கரையில் ஊறவைக்கிறார்கள். தாவ் சார் பியா என்னும் பருப்புப் பூரணப் பிஸ்கட் வீட்டுக்கு வாங்கத் தோது. எந்தக் கொழுப்பில் செய்தது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். வாடை தூக்கும் டுரியான் பழத்தின் பருவமென்றால் தெருவிலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள், விடுதியில் அபராதம் போடுவார்கள்.

லக்சா மோகத்தில் ஹே கோ டப்பா வாங்குவீர்கள், எனக்குத் தெரியும். அதைக் கைப்பையில் வைக்காதீர்கள். விமான நிலையச் சோதனையில் பசையும் திரவக் கணக்குத்தான், 100 மில்லிக்கு மேல் என்றால் குப்பைத் தொட்டிக்குப் போகும். பெரிய பெட்டிக்குள் வையுங்கள், மூடியை டேப் ஒட்டி, இரண்டு பிளாஸ்டிக் பை சுற்றி. நான் ஒன்றுதான் சுற்றினேன். சலவைக்குப் போட்டு எடுத்த பிறகும் என் வேட்டியில் பினாங்கு மணத்தது.